கமென்ட் மட்டும்தானே மாறியிருக்கிறது?

கூகுளின் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு சேவையோடு பேசும் வழி) லைப்ரரிகளுடைய ரிலீஸ் குறிப்புகளைப் புரட்டினால், வாசகம் மாறாமல் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: இன்ன மெசேஜில் இருக்கும் இன்ன ஃபீல்டின் கமென்ட் மாற்றப்பட்டுள்ளது. மெசேஜ் என்பது அனுப்பும் தகவல் தொகுப்பு, ஃபீல்டு அதிலுள்ள ஒரு கட்டம், கமென்ட் என்பது படிப்பவருக்காக நிரலுக்குள் எழுதிவைக்கும் விளக்கம். வரியின் முன்னால் ‘டாக்ஸ்’ (விளக்க ஆவணம்) என்ற முத்திரை இருக்கும். வேறு விவரம் கிடையாது. இயங்கும் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதால் பெரும்பாலான டெவலப்பர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். புல் ரிக்வெஸ்ட்டை, அதாவது மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை, சரிபார்ப்பவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிடுவார்.

எல்லா லைப்ரரிக்கும் இந்தப் பழக்கம் ஒத்துவராது. எங்கோ இருக்கும் ஒரு சர்வரோடு பேசுவதற்காகவே எழுதப்பட்ட கிளையன்ட் லைப்ரரியில் கமென்ட்டின் வேலையே வேறு. வேலை தேடல் ஏபிஐ ஒன்றை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

ஒரு தேதிக்குள் இத்தனை விதிகள்

நான் எடுத்துக்கொள்வது கூகுளின் கிளவுட் டேலன்ட் சொல்யூஷன். 2016 இறுதியில் கிளவுட் ஜாப்ஸ் ஏபிஐ என்ற பெயரில் வந்தது. நடுவில் கிளவுட் ஜாப் டிஸ்கவரி ஆனது. 2018-ல் இப்போதைய பெயருக்கு மாறியது. வேலைவாய்ப்புத் தளங்கள் தங்களிடமுள்ள வேலை அறிவிப்புகளை அதில் ஏற்றிவைக்கும். தேடுபவர் எதையாவது தட்டினால், பொருத்தமானவற்றை அது வரிசைப்படுத்தித் தரும். ஜாவா, பைதான், கோ, நோட் என்று பல மொழிகளில் அதற்குக் கிளையன்ட் லைப்ரரி உண்டு.

அதன் நான்காம் வெர்ஷனில் ‘ஜாப்’ என்றொரு மெசேஜ். அறிவிப்பு காலாவதியாகும் நேரத்துக்கு அதில் ஒரு ஃபீல்டு இருக்கிறது. அதன் டைப், அதாவது ஏற்கும் தரவின் வகை, வெறும் டைம்ஸ்டாம்ப் (ஒரு நேரக்குறிப்பு). டைப்பை மட்டும் பார்ப்பவர் ஒரு நேரத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கமென்ட்டோ ஒரு முழுப் பக்கத்துக்கு நீளும்.

நேரம் கொடுக்காமல் விட்டால், உருவாக்கியதிலிருந்து 30 நாளில் அறிவிப்பு காலாவதியாகும். செல்லாத நேரம் கொடுத்தால் பிழை எதுவும் திரும்பி வராது. கொடுக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு அதே 30 நாள் கணக்குதான். ஏற்கெனவே கடந்துபோன நேரத்தைக் கொடுத்தால், பிறக்கும்போதே காலாவதியான அறிவிப்பாகிவிடும். அதைத் திருத்த முடியாது, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். காலாவதியானவை பட்டியலில் வராது. ஆனால் அடையாளத்தைச் சொல்லித் தனியாகக் கேட்டால் கிடைக்கும். அப்படி 90 நாள் வைத்திருப்பார்கள். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. முந்தைய 7 நாளில் திறந்திருந்த அறிவிப்புகளின் அதிகபட்ச எண்ணிக்கை எதுவோ, அதன் 3 மடங்கைக் காலாவதியானவை தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் காலாவதியானதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டப்படும்.

இவற்றில் ஒன்றைக்கூட, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் எந்தக் கம்பைலரும் சொல்லித்தராது. ‘30 நாள்’ என்ற விதி லைப்ரரியின் நிரலில் எங்கும் இல்லை; கமென்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இதே மாதிரி இன்னும் நிறைய. வேலையின் தலைப்புக்கு 500 எழுத்து, விவரணைக்கு 100,000 எழுத்து என்ற வரம்புகள் கமென்ட்டில்தான் உள்ளன. தேடலுக்கு மொத்தம் எத்தனை வேலைகள் பொருந்தின என்று சொல்லும் எண், 100,000-க்குக் கீழே இருந்தால் மட்டுமே துல்லியம் என்பதும் அங்கேதான். திரையில் அந்த எண்ணைப் பெரிதாகக் காட்டும் தளம் இதைப் படித்திருக்கிறதா என்பது வேறு விஷயம்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு சம்பளம் பற்றியது. ஒரு நிறுவனம் மணிக்கூலியாகவும் இன்னொன்று மாதச் சம்பளமாகவும் அறிவித்தால், இரண்டையும் ஒப்பிட ஆண்டுக் கணக்குக்கு மாற்ற வேண்டும். ஆண்டுக்கு எத்தனை அலகு என்று நாம் சொல்லாமல் விட்டால், முழுநேர வேலைக்கு ஏபிஐ தானாகவே ஊகித்துக்கொள்ளும்: மணி என்றால் 2080, நாள் என்றால் 260, வாரம் என்றால் 52, மாதம் என்றால் 12. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம், விடுப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் 2080 வரும். வாரம் 35 மணி நேரமே முழுநேரம் என்று இருக்கும் இடத்தில் இந்த ஊகம் சம்பளத்தைக் கூட்டிக் காட்டும். தேடல் முடிவுகளைச் சம்பளப்படி அடுக்கும்போது எந்த வேலை மேலே வருகிறது என்பதையே இது மாற்றிவிடக்கூடும். இவ்வளவு பெரிய அனுமானம், ஒரு ஃபீல்டின் தலைக்கு மேலே சில வரிகளாக உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம், தேடலுக்கு இரண்டு அழைப்புகள் உண்டு. ஒன்று சாதாரணத் தேடல். மற்றது மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்தவர்களுக்காக, அதாவது இப்போது தளத்தில் உட்கார்ந்து தேடாதவர்களுக்காக நடத்தும் தேடல். இரண்டுக்கும் அனுப்பும் மெசேஜ் ஒன்றே, திரும்பி வருவதும் ஒன்றே. உள்ளே வரிசைப்படுத்தும் விதம் வேறு. பெயரில் ஒரு குறிப்பு இருக்கிறது என்றாலும், எதை எப்போது கூப்பிடுவது என்று விளக்குவது கமென்ட் மட்டும்தான். அதை எடுத்துவிட்டால் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு ஃபங்ஷன்கள் எதற்கு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கமென்ட் இங்கே, நடத்தை அங்கே

சாதாரண லைப்ரரி ஒன்றில் கமென்ட்டும் அது விளக்கும் நிரலும் ஒரே ஃபைலில், ஒரே வெர்ஷனில் பயணம் செய்கின்றன. கமென்ட்டில் சந்தேகம் வந்தால் கீழே இருக்கும் நிரலைப் படித்துத் தீர்த்துக்கொள்ளலாம். கிளையன்ட் லைப்ரரியில் அது முடியாது. கீழே இருக்கும் நிரல் செய்வதெல்லாம் மெசேஜைக் கட்டி அனுப்பிவிட்டு வந்த பதிலைப் பிரித்துக் கொடுப்பதுதான். 30 நாள் கழித்து அறிவிப்பை மறைப்பது வேறெங்கோ இருக்கும் சர்வர்.

இதனால் ஒரு விநோதமான நிலைமை. நீங்கள் நிறுவிய பேக்கேஜில் கமென்ட் உறைந்துபோய்க் கிடக்கிறது. சர்வர் தன்பாட்டுக்கு மாறிக்கொண்டே போகிறது. நீங்கள் எதையும் தொடாமலேயே உங்களிடம் இருக்கும் கமென்ட் பொய்யாகிவிடலாம். சாதாரண லைப்ரரியில் கமென்ட் பழசானால் அதை எழுதியவரின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். இங்கே எல்லோரும் ஒழுங்காக வேலை செய்தாலும் அது பழசாகும்.

‘டாக்ஸ்’ முத்திரை போட்ட கமிட்டுக்காக (பதிவுசெய்த மாற்றத்துக்காக) ஒரு புதிய ரிலீஸ் தேவையா என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. கூகுளின் லைப்ரரிகளுக்கு வெர்ஷன் எண் போடும் ரிலீஸ் பிளீஸ் என்ற கருவி, பொதுவாகப் புதிய வசதியோ பிழைத்திருத்தமோ சார்புப் பேக்கேஜ் மாற்றமோ வந்தால்தான் ரிலீஸுக்கு ஏற்பாடு செய்யும். ஜாவாவுக்கும் பைதானுக்கும் மட்டும் ‘டாக்ஸ்’ கமிட்டும் ரிலீஸுக்குரியதாகக் கணக்கில் வரும். கமென்ட் மட்டும் மாறிய பேக்கேஜை வெளியிடுவது வீண் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

எங்கிருந்து வருகிறது இந்தக் கமென்ட்?

கிளையன்ட் லைப்ரரியின் ஃபைலைத் திறந்து அங்கிருக்கும் கமென்ட்டில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பும் நல்ல மனசுக்காரர்களை அடிக்கடி பார்க்கலாம். அந்தத் திருத்தம் நிலைக்காது. ஃபைலின் தலையிலேயே ‘இது தானாக உருவாக்கப்பட்டது, கைவைக்காதே’ என்று எழுதியிருக்கும்.

மூலம் இருப்பது புரோட்டோ ஃபைலில். 2008-ல் கூகுள் பொதுவெளியில் விட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் மொழியில் ஏபிஐ-யின் மெசேஜ்களும் அழைப்புகளும் ஒருமுறை எழுதப்படுகின்றன. கமென்ட்டும் அங்கேயே, ஒவ்வொரு ஃபீல்டுக்கும் மேலே. கம்பைலர் அந்த ஃபைலைப் படிக்கும்போது கமென்ட்டைத் தூக்கி எறிவதில்லை. எந்தக் கமென்ட் எந்த ஃபீல்டுக்கு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது, எது ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்றுகூடக் குறித்துவைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மொழிக்கும் உள்ள ஜெனரேட்டர் அதை எடுத்து அந்தந்த மொழியின் வழக்கப்படி எழுதிக்கொடுக்கும்: ஜாவாவுக்கு ஜாவாடாக், பைதானுக்கு டாக்ஸ்ட்ரிங், சி ஷார்ப்புக்கு எக்ஸ்எம்எல். பிறகு ஒரு பாட் (தானியங்கி நிரல்) அதை அந்தந்த மொழியின் ரெப்போவில், அதாவது நிரல் சேமிப்பகத்தில், கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நடுவில் கமென்ட் படும் பாடு தனிக்கதை. மூலத்தில் அது மார்க்டவுன் நடையில் இருக்கிறது. பைதானுக்கு அதைப் பாண்டாக் என்ற மாற்றுக் கருவி வழியாக வேறொரு குறியீட்டு நடைக்கு மாற்றுகிறார்கள். பட்டியலின் உள்தள்ளல் ஓர் இடைவெளி தவறினாலும் பத்தி குலைந்துவிடும். ஜாவாவில் இன்னும் வேடிக்கை. ஏபிஐ பாதைகளில் ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்பதைக் காட்ட நட்சத்திரக் குறி போட்டு, அடுத்து சாய்கோடு வரும். அந்த இரண்டும் சேர்ந்தால் */ ஆகிறது. ஜாவாவில் கமென்ட் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமே அதுதான். கவனிக்காமல் விட்டால் விளக்கத்தின் மிச்சப்பகுதி நிரலாகக் கம்பைல் ஆகப் பார்க்கும். அதனால் ஜெனரேட்டர் அந்தச் சாய்கோட்டை எச்டிஎம்எல் குறியீடாக மாற்றிவிடுகிறது. பின்சாய்வுக் கோட்டையும் அப்படியே மாற்றியாக வேண்டும். ஏனென்றால் ஜாவா கம்பைலர், கமென்ட்டா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே, பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் யூனிகோடு எழுத்துக் குறிப்புகளைப் பிரித்துவிடும். கமென்ட்டுக்குள் அரைகுறையாக ஒன்று இருந்தால்கூடப் பிழை காட்டும். ‘கமென்ட் மாறினால் எதுவும் உடையாது’ என்று நம்புகிறவர்களுக்கு இதைக் காட்டலாம்.

ஒரே மூலம் என்பதன் நன்மை, ஓர் இடத்தில் திருத்தினால் எல்லா மொழியிலும் திருந்திவிடும். தீமையும் அதே வழியில்தான் வருகிறது. மேலே சொன்ன 30 நாள் விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு கொடுத்திருந்தார்கள்: 2017 ஜனவரி 1 அன்று ‘13:00 ஏஎம்’ மணிக்கு உருவாக்கிய அறிவிப்பு, ஜனவரி 31 ‘13:00 ஏஎம்’ மணிக்குப் பிறகு காலாவதியாகும் என்று. அப்படி ஒரு நேரம் எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. ஆனாலும் எல்லா மொழி லைப்ரரிக்கும் அது சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்ந்தது.

பழைய பாணி லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை புரோட்டோவிலிருந்து நேரடியாக வருபவை அல்ல. டிஸ்கவரி டாகுமென்ட் என்ற ஜேசான் ஃபைலில் உள்ள விளக்கங்களிலிருந்து உருவாக்கப்படுபவை. ஒரே ஏபிஐ-க்கு இரண்டு லைப்ரரி, இரண்டும் தனித்தனி நேரத்தில் புதுப்பிக்கப்படும். இரண்டின் கமென்ட்டும் ஒரே நாளில் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ஒரே முத்திரை, மூன்று வகை மாற்றம்

இப்போது அந்தக் கமிட் வரிக்குத் திரும்பலாம். ‘இன்ன ஃபீல்டின் கமென்ட் மாற்றப்பட்டுள்ளது.’ இதற்குப் பின்னால் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம்.

முதலாவது, வெறும் துடைப்பு வேலை: எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு, வரி மடிப்பு. எண்ணிக்கையில் இதுவே அதிகமாக இருக்கும். இதைப் படிக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, சர்வர் எப்போதும் ஒரு மாதிரிதான் நடந்துகொண்டிருந்தது, கமென்ட் தவறாகவோ அரைகுறையாகவோ சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது உண்மையைச் சொல்கிறது. இதில் உங்கள் நிரல் மாறவில்லை, சர்வரும் மாறவில்லை. ஆனால் பழைய கமென்ட்டை நம்பி நீங்கள் எழுதியதில் ஓட்டை இருந்தது இப்போதுதான் தெரியவருகிறது. செல்லாத நேரம் கொடுத்தால் பிழை வரும் என்று எண்ணி, வராததால் எல்லாம் சரி என்று முடிவுகட்டியவருடைய தளத்தில் அறிவிப்புகள் 30 நாளில் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கும். அவருக்கு அந்த ஒற்றை வாக்கியம் பெரிய செய்தி.

மூன்றாவது, சர்வரே மாறிவிட்டது. வரம்பு குறைந்திருக்கலாம், ஊகிக்கும் மதிப்பு வேறாகியிருக்கலாம், ஒரு ஃபீல்டு கட்டாயமாகியிருக்கலாம். மெசேஜின் வடிவம் மாறாததால் டைப் அளவில் எந்த அடையாளமும் இருக்காது. வெர்ஷன் எண்ணின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடும். பழைய நிரல் அப்படியே கம்பைல் ஆகும், அப்படியே ஓடும், விடை மட்டும் வேறாக வரும்.

மூன்றுக்கும் ஒரே முத்திரை. இதுதான் என் குறை. கமிட் செய்தியில் எந்த ஃபீல்டு என்று சொல்கிற கருவிக்கு, எந்த வகை என்று சொல்லத் தெரியாது. அது கமென்ட்டின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறதே தவிர, பொருளைப் பார்ப்பதில்லை. வகையைச் சொல்ல வேண்டியவர் புரோட்டோவைத் திருத்திய மனிதர். ‘நடத்தை மாறவில்லை, விளக்கம் மட்டும்’ என்றோ ‘இந்த வரம்பு இனி இது’ என்றோ ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும். உள்ளிருந்து பார்க்கும் அவருக்கு எது பழைய நடத்தை, எது புதியது என்று தெரியும். வெளியே இருப்பவர் எவ்வளவு கூர்ந்து படித்தாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்தறிய வழியில்லை.

ஃபீல்டு வழக்கொழிவது மட்டும் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. இந்த ஏபிஐ-யில் தேடலின்போது சொற்பொருத்தத்தை அணைக்க, ஆம்-இல்லை என்று இரண்டே மதிப்புள்ள ஃபீல்டு ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக, முழுவதும் அணைப்பது, எல்லா இடத்திலும் பார்ப்பது, தலைப்பில் மட்டும் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் புதிய ஃபீல்டு வந்தது. பழையதை எப்படிக் கைவிடுவது என்பதற்குக் கூகுளின் ஏபிஐ வடிவமைப்பு விதிகளில் தெளிவான வழிமுறை உண்டு. 192-ஆம் விதிப்படி, இயந்திரம் படிக்கும் குறியை ஃபீல்டில் போட வேண்டும். கூடவே கமென்ட்டின் முதல் வரி ‘டெப்ரிகேட்டட்’ என்ற சொல்லோடு தொடங்க வேண்டும். கோ மொழியின் கருவிகள் அதே சொல்லைத்தான் தேடுகின்றன. ஒரு பத்தி அப்படித் தொடங்கினால் எடிட்டரில் அந்தப் பெயரின் மேல் கோடு விழும். இங்கே கமென்ட்டின் வாசகமே ஓர் எச்சரிக்கை மணியாகிவிடுகிறது. கமென்ட்டில் மட்டும் எழுதிக் குறியை விட்டாலோ, குறியைப் போட்டு மாற்று எது என்று சொல்லாமல் விட்டாலோ பாதி வேலைதான்.

கட்டாய ஃபீல்டுகளுக்கும் இப்படி ஒரு குறி உண்டு. ஆனால் எல்லா விதியும் குறிக்குள் அடங்காது. தேடல் கோரிக்கையோடு டொமைன், செஷன் ஐடி, யூசர் ஐடி மூன்றையும் அனுப்ப வேண்டும். இன்னொரு ஃபீல்டில் ‘ஐடி இல்லாவிட்டாலும் பரவாயில்லை’ என்று சொல்லியிருந்தால் மட்டும் விலக்கு. இந்த ‘இருந்தால், இல்லாவிட்டால்’ எல்லாம் கமென்ட்டுக்கு மட்டுமே வசப்படும். யூசர் ஐடி பற்றிய கமென்ட்டில் இன்னொரு முக்கியமான விஷயமும் இருக்கிறது: அனுப்புவதற்கு முன் அதை அடையாளம் தெரியாதபடி மறைத்துவிடுங்கள் என்கிறது. ஃபீல்டின் டைப் ஸ்ட்ரிங். மின்னஞ்சல் முகவரியை அப்படியே போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும். வேலை தேடுகிற ஒருவரின் தனியுரிமை அந்த ஒரு வாக்கியத்தை யாரோ படிப்பதை நம்பி நிற்கிறது.

படிக்கும் ‘யாரோ’ இப்போதெல்லாம் மனிதராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எடிட்டரில் நிரலை முன்மொழியும் கருவிகள், திறந்திருக்கும் ப்ராஜெக்ட்டின் பேக்கேஜுக்குள் இருக்கும் கமென்ட்டையும் படித்து அதன்படி எழுதித் தருகின்றன. நிறுவியிருப்பது இரண்டு வருடம் பழைய வெர்ஷன் என்றால், அன்றைய வரம்பையும் வழக்கொழிந்த ஃபீல்டையும் முழு நம்பிக்கையோடு உங்கள் நிரலில் கொண்டுவந்து வைக்கும். ஆகவே கமென்ட் மட்டும் மாறிய ரிலீஸையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றும்போது, ரிலீஸ் குறிப்பில் பெயர் வரும் ஃபீல்டுகளில் உங்கள் நிரல் தொடுபவை எவை என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால், லைப்ரரியின் ரெப்போவில் தேடி நேரத்தை வீணாக்காமல், புரோட்டோ ஃபைலின் வரலாற்றில் அந்தக் கமென்ட்டின் பழைய வாசகத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஓர் எண்ணோ ‘கட்டாயம்’ போன்ற ஒரு சொல்லோ மாறியிருந்தால், சோதனைக் கணக்கில் ஒரு கோரிக்கை அனுப்பி சர்வரையே கேட்டுவிடுவது நல்லது.